மைக்ரோவேவ் படத்தை ஒதுக்க வேண்டாம், அண்ணா

"மேலே போன கருவியை யாரும் சரிபார்க்க முடியாது, புயல் நேரத்து மைக்ரோவேவ் படமெல்லாம் யூகம்தான்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மேகத்திலும் மழையிலும் இருந்து வரும் மைக்ரோவேவ் கதிரைச் செயற்கைக்கோள் அளந்து தரும் படத்தைத்தான் சொல்கிறீர்கள். அது யூகம் என்பது தவறு. இங்கே மொரிஷியஸில் 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். இப்படி ஒரு பேச்சு பரவினால் அடுத்த எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

2014 பிப்ரவரியில் ஏவிய, மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளில் உள்ள ஜிஎம்ஐ என்ற மைக்ரோவேவ் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். கதிரைத் திரட்டும் அதன் பெரிய தட்டு நிமிடத்துக்கு 32 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும், அந்தக் கதிரை வாங்கும் உணர்கொம்புகள் வெப்பநிலை தெரிந்த ஒரு சூடான பொருளின் அடியில் கடக்கும்; பிறகு ஒரு சிறு பிரதிபலிப்புத் தட்டு வழியாக வெற்று வானத்தைப் பார்க்கும். அந்த வானத்தின் வெப்பநிலை சுமார் 2.7 கெல்வின், அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். தெரிந்த இரண்டு அளவுகளை வைத்துக் கருவி சரியா என்று பார்ப்பது இது; பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பது போலத்தான். அதுவும் இரண்டு நொடிக்கு ஒரு தடவை!

உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2003இல் ஏவிய எஃப்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் எஸ்எஸ்எம்ஐஎஸ் என்ற மைக்ரோவேவ் கருவியில் சூடான பொருள்மேல் வெயில் பட்டு அளவு பிசகியது; பெரிய தட்டும் தானே கதிர் உமிழ்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஜிஎம்ஐயில் வெயில் புகாமல் மறைப்பே வைத்துக் கட்டினார்கள். செயற்கைக்கோளைச் சாய்த்து, பெரிய தட்டையே வெற்று விண்வெளி பார்க்கவைத்தும் சோதித்தார்கள்.

தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், அண்ணா.