கயல்விழியா, கயல்விளியா?

போன வாரம் ஓர் இணையவழிக் கூட்டம். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே வந்தவர் ஓரிடத்தில் இரண்டு நொடி நின்றார். அந்த இரண்டு நொடியை எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த பெயர் என்னுடையது என்று அர்த்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “கயால்... விஸ்ஸி?” என்றார். “ஆமாம், நான்தான்” என்றேன்.

என் பெயர் கயல்விழி. ஐந்தே எழுத்து. இதுவரை கயல்விளி, கயல்வியி, கயல்விசி, கைல்விஷி என்று எல்லாமாகவும் இருந்து பார்த்துவிட்டேன்.

இதில் முதலாவது வீட்டிலேயே கிடைத்தது. என் பாட்டி கடைசிவரை ‘கயல்விளி’ என்றுதான் கூப்பிட்டார். அவர் வாயில் ழகரம் வந்ததே இல்லை. மழை மளைதான், பழம் பளம்தான். பாட்டி மட்டுமா, தமிழ் பேசுகிறவர்களில் ஏராளமானோருக்குப் பேச்சில் ழவும் ளவும் ஒன்றுதான். சிலர் வாயில் அது யகரமாகவும் ஆகிவிடும். பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு இது பெரிய மானப் பிரச்சினை. “பாட்டி, விளி இல்ல, விழி” என்று திருத்துவேன். “அதத்தானடி நானும் சொல்றேன், விளி” என்பார். அவர் ஏமாற்றவில்லை. அவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

விளி என்றாலும் தமிழில் பொருள் உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. விளித்தல் என்றால் அழைத்தல். ஒருவரைக் கூப்பிடும்போது பெயர் கொள்ளும் வடிவத்தைத்தானே எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை என்று படித்தோம்? பாட்டி என்னை விளித்தார். அதில் நான் என்ன பிழை கண்டேனோ.

சரி, ‘விஸ்ஸி’க்கு வருகிறேன். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கில எழுத்தில் ழவுக்கு இசட், எச் இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் வழக்கம். இந்தி பேசுகிறவர் அதைப் பார்த்தால் இசட் ஒலியோடு படிப்பார். ஆங்கிலக்காரர் ‘மெஷர்’, ‘விஷன்’ போன்ற சொற்களின் நடுவில் வரும் அதிர்வான ஷகரமாகப் படிப்பார். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையிலும் இதே இரட்டை எழுத்து உண்டு. அங்கே அது நாக்கை மடித்துச் சொல்லும், ஜகரத்துக்குப் பக்கத்தில் வரும் ஒலி. ஆக, அந்த இரண்டெழுத்தை ழ என்று படிக்கத் தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுகிறவருக்கு அது உதவுவதே இல்லை. நாம் கொடுத்த எழுத்தைத்தான் அவர்கள் ஒழுங்காகப் படிக்கிறார்கள்.

வேற்று மொழிக்காரர் வாயில்தான் பெயர் இப்படி மாறுகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரே மொழிக்குள்ளேயே நடக்கிற கூத்து அதைவிடப் பெரிது. இங்கிலாந்தில் கிரேக் என்று பெயர் வைத்தால் அமெரிக்காவில் பெரும்பாலும் கிரெக் என்பார்கள். நியூசிலாந்துக்காரர் பென் என்று கூப்பிடுவது மற்ற ஊர் ஆங்கிலக் காதுகளுக்குப் பின் என்றே விழும். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு டான். ஆங்கிலத்தில் டான் என்று ஆண் பெயர் ஒன்று உண்டு, விடியல் என்று பொருள்படும் டான் என்ற பெண் பெயரும் உண்டு. உயிரொலி வேறு வேறு. ஆனால் கனடா முழுவதும், அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் பெரும்பாலானோர் பேச்சில் அந்த இரண்டு உயிரொலிகளும் கலந்து ஒன்றாகிவிட்டன. அங்கே டானும் டானும் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான். (இந்தப் பத்தியில் இரண்டு பெயரையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? தமிழில் எனக்கு வேறு வழி இல்லை. கனடாக்காரர்கள் பேச்சில் செய்ததை நாம் எழுத்திலேயே செய்து வைத்திருக்கிறோம்.)

அரபியில் ஜமால் என்ற பெயரைக் கெய்ரோவில் ‘கமால்’ என்பார்கள். இங்கே கவைக் ‘கணேசன்’ என்பதில் வருகிற மாதிரி படிக்கவும், இல்லாவிட்டால் அது வேறொருவர் பெயராகிவிடும். எகிப்து அதிபராக இருந்த நாசரின் முதற்பெயர் அதுதான். அவரை ஜமால் என்ற அரபு நாட்டவர்களும் பிழையாகச் சொல்லவில்லை, கமால் என்ற எகிப்தியர்களும் பிழையாகச் சொல்லவில்லை. நாம் ரொனால்டோ என்று கத்துகிறோமே, அந்தப் பெயர் பிரேசிலில் கிட்டத்தட்ட ‘ஹொனௌடு’. வங்காளத்தில் விவேக்கைத் தேடினால் பிபேக்தான் கிடைப்பார். அதில் யாருக்கும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் வாய்க் கோளாறு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோளாறு என்றே வைத்துக்கொண்டாலும் அது பாதிக்கு மேல் காதில் இருக்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் டகரத்தையும் தகரத்தையும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் கேட்காத வேறுபாட்டைக் காது வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது. ஆகவே லலிதாவை ‘லலிட்டா’ என்கிற ஐம்பது வயது மனிதர் அலட்சியமாக இருக்கிறார் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. பல் முளைக்கும் வயதிலேயே தீர்ந்துபோன விஷயம் அது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? வடசொல் தமிழுக்குள் வருவதாக இருந்தால் தன் எழுத்தை விட்டுவிட்டு நம் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. அப்படித்தான் லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். நாம் செய்தால் இலக்கணம், அவர்கள் செய்தால் அவமானமா? என் கூட வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரை இரண்டு வருடம் ‘ஜோயா’ என்றே கூப்பிட்டேன். அது இசட் ஒலியில் தொடங்கும் பெயர். அந்த ஒலி எனக்கு வராதது அல்ல, நிதானமாகச் சொன்னால் வரும். பேச்சு வேகத்தில் ஜவில் போய் விழுந்துவிடும். அவர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. நான் பாட்டியைத் திருத்தியதை நினைத்துக்கொண்டேன்.

அதற்காக எதையும் எப்படியும் சொல்லலாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். முதல் நாளே என் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு, “இது நமக்கு ஆகாதும்மா, கே என்றே கூப்பிடுகிறேன்” என்றார். அதன்பின் மூன்று வருடம் நான் ‘மிஸ் கே’. விஸ்ஸி என்றவர் இரண்டு நொடி நின்றார், தடுமாறினார், சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னது என் பெயர்தான், அவருடைய ஊர் உச்சரிப்பில். இவர் சொன்னது என் பெயரே இல்லை. பெயர் கோணலாகி வருவதற்கும் வராமலே போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதலாவதற்கு நான் கோபப்படுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இரண்டாவதை இப்போது யார் செய்தாலும் விடுவதில்லை.

“பெயருக்கு உரியவர் எப்படிச் சொல்கிறாரோ அதுவே சரி” என்று ஒரு விதி சொல்வார்கள். நல்ல விதிதான், ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கமலா ஹாரிஸ் 2019-இல் வந்த தன் நூலில், தன் பெயர் நிறுத்தக்குறியான கமாவைப் போலத் தொடங்கும் என்று எழுதினார். அமெரிக்க வாயில் அந்தக் கமா கிட்டத்தட்ட ‘காமா’. தமிழ்க் காதுக்கு அது நம் கமலா இல்லை. நாம் போய்த் திருத்துவதா? கூடாது, அவருக்கு அதுதான் சரி. அப்படியென்றால் ‘சரி’ என்பது பெயருக்குள் இல்லை. சொல்கிறவர் வளர்ந்த இடத்தில் இருக்கிறது. என் பெயரின் ‘சரியான’ வடிவமும் எங்கோ ஓரிடத்து உச்சரிப்புத்தான்.

கூட்டம் முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். லிங்க்ட்இன்னில் நம் பெயரை நாமே சொல்லிப் பதிவுசெய்து வைக்கும் வசதி 2020-இல் வந்தது. 10 நொடி கொடுக்கிறார்கள். முதல் பதிவில் ழகரத்தை அழுத்தி, செய்தி வாசிப்பவர் மாதிரி சொன்னேன், எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவதில் குழந்தைக்குப் பாடம் சொல்கிற குரல். மூன்றாவதில் எதையும் யோசிக்காமல், போனில் யாரிடமோ சொல்வதுபோல, “வணக்கம், நான் கயல்விழி” என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

போட்டுக் கேட்டேன். சுத்தமான ளகரம். விளி.

நம்ப முடியாமல் தங்கையிடம் கேட்கக் கொடுத்தேன். இரண்டு முறை கேட்டாள். “இதுல என்னக்கா இருக்கு? நீ எப்பவும் இப்படித்தான சொல்லுவ” என்றாள்.

இன்னும் எதையும் ஏற்றவில்லை. மூன்றாவதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.