கல்லுப்பும் கடல்நீரும் ஒன்றல்ல

அலுவலக மேசையில் வைக்கும் கடல்மீன் தொட்டிக்கு லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு போதும், ஹைட்ரோமீட்டரில் (நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.025 வந்துவிட்டால் அது கடல்நீர்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அந்த அளவு வரும், உண்மைதான். ஆனால் ஹைட்ரோமீட்டர் அடர்த்தியை மட்டுமே காட்டும். என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் (கால்சியம் கார்பனேட்) ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) முன்பாத்திகளிலேயே படிந்துவிடும். கடைசிப் பாத்தியில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரோடு மெக்னீசியம் போய்விடும். (அப்படிப் போவதால்தான் உப்பு சாப்பிடும்படி இருக்கிறது.) ஆக, கல்லுப்பு ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. கார்பனேட் இல்லாத தண்ணீரில் பிஎச் நிலைக்காது. பவளமும் நத்தையும் ஓடு கட்ட வழியில்லை.

நீங்களே பார்க்கலாம். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்து, கேஎச் (கார்பனேட் அளவு, டிகிரியில்), கால்சியம் டெஸ்ட் கிட்டால் சோதியுங்கள். கடல்நீரில் கேஎச் 7 அளவில் இருக்கும்; இதில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். போர் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்பு கணக்கைக் குழப்பிவிடும்.

செலவைக் குறைக்கத்தான் கல்லுப்பு என்றால், 40 லிட்டர் தொட்டிக்கு மரைன் சால்ட் (கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவை) ஒன்றரை கிலோ போதும். வாரம் 4 லிட்டர் மாற்ற 150 கிராம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.