கோலம் போடத்தான் போகிறாள், அதற்கென்ன?

மேற்படிப்புக்கு வழிகாட்ட சனிக்கிழமை நடந்த ஜூம் கூட்டத்தின் அந்த ஒரு நிமிட வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் நடத்தினார்கள், யார் பேசினார் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு ஆளைப் பற்றியதாகிவிடும். பிளஸ் டூ முடித்த பெண், லண்டனில் கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்கிறாள். வழிகாட்ட வந்தவர், "கம்ப்யூட்டர்ல கோலம் போடவாம்மா லண்டன் போறே? அதை உங்க அம்மாவே வாசல்ல சொல்லித் தருவாங்களே" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கேமரா அணைந்துவிடுகிறது.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆமாம், கோபம்தான். அதே படிப்பை லண்டனில் முதுநிலையாகப் படித்தவள் நான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதையேதான் சொல்லப் போகிறேன். கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் என்பது ப்ரோகிராம் எழுதிப் படம், ஒலி, அசைவு எல்லாம் உருவாக்குகிற கணினிப் படிப்பு. பாதிக் கணினி, பாதி ஓவியம் என்று கலந்து கொடுக்கிற படிப்பு இல்லை. கணக்கு வராதவர்கள் ஒதுங்குகிற இடமும் இல்லை. ப்ரோகிராம் எழுத வேண்டும், அல்காரிதம் தெரிய வேண்டும். மேட்ரிக்ஸ் பெருக்கல் புரியாமல் திரையில் ஒரு கனசதுரத்தை ஒழுங்காகத் திருப்பிக் காட்ட முடியாது. என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வெற்று எடிட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கோலம் என்றாரே, சரி, கோலத்தைப் பற்றியே பேசலாம். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வந்தது ஆன்மிக இதழில் இல்லை, கணினி வரைகலை ஆய்விதழில். சிரோமணி தம்பதியர் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள். கமலா கிருத்திவாசன் பிறகு சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆனார். ஒரு மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளால் பிறப்பிப்பதைப் போல, புள்ளிக் கோலத்தையும் விதிகளால் பிறப்பிக்கலாம் என்று காட்டினார்கள். விதி தெரிந்தால் அதே கோலத்தைச் சிறிதாகவும் போடலாம், வாசலை அடைத்துக்கொண்டு பெரிதாகவும் போடலாம். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே ஊரில் குறைவாக இருந்த காலம் அது. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே லண்டனில், ஒரு வகுப்புக்காக நூலகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது. தாம்பரத்தில் ரயில் மாறி மாறிப் பொறியியல் படித்துவிட்டு, அந்தக் கல்லூரி வாசலில் எழுதப்பட்ட ஒன்றை அத்தனை தூரம் போய்ப் படித்தேன்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. 1968இல் லண்டனில் ஐசிஏ என்ற நவீனக் கலை அரங்கில் ஜாசியா ரைக்கார்ட் கணினிக் கலைக்கென்று பெரிய கண்காட்சியே நடத்தினார். அதே வருடம் பாரிசில் வேரா மோல்னார் கணினியில் படம் வரையத் தொடங்கினார். மெஷின் கைக்கு வருவதற்கு முன்பே விதிகளைத் தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் கையாலேயே வரைந்து பார்த்தவர் அவர். 2023 டிசம்பரில் 99 வயதில் இறந்தார். 2001இல் எம்ஐடியில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் கலைஞர்களும் எளிதாக ப்ரோகிராம் எழுத ப்ராசஸிங் என்ற கணினி மொழியை ஆரம்பித்தார்கள். இன்று லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி, லண்டன் கலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இந்தத் துறைக்கு அடையாளமாகவே இருக்கின்றன. லண்டன் கலைப் பல்கலைக்கழகம் இதற்கென்று தனி நிறுவனமே வைத்திருக்கிறது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பொறியியலில் மூன்றாவது செமஸ்டர் டிபிடிஇ என்ற கணக்குப் பேப்பர் எழுதியவர்களுக்கு ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்றதும் ஞாபகம் வருவது 16 மார்க் கேள்விதான். "இந்த அஞ்சு சம் போட்டுப் பாருங்க, ஒண்ணு கண்டிப்பா வரும்" என்றார்கள். போட்டோம், வந்தது, மார்க் வாங்கினோம். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லண்டனில் ஒலியை வைத்து ஏதாவது செய்து வரச் சொன்னார்கள். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் போனில் பதிவு செய்த தவில் என்னிடம் இருந்தது. தவிலின் ஒரு பக்கமான தொப்பியில் குச்சி விழும்போது திரையில் தடித்த கோடு எழ வேண்டும், மறுபக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஓடும்போது மெல்லிய கோடுகள் பறக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகியிருக்கிறது. கலந்திருக்கும் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கொடுப்பதுதான் ஃபூரியர். 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி அதற்குக் கொடுத்தால் ஒவ்வொரு பெட்டியும் 43 ஹெர்ட்ஸ் அகலம். தொப்பியின் கனத்த ஒலி முழுக்க அடியில் உள்ள சில பெட்டிகளுக்குள் கலங்கிப் போகிறது. 4096 ஆக்கினால் பெட்டி 11 ஹெர்ட்ஸுக்குச் சுருங்கி நன்றாகப் பிரிகிறது. ஆனால் அத்தனை மாதிரிகளும் சேர 93 மில்லி நொடி ஆகிறது. அடி விழுந்து அவ்வளவு நேரம் கழித்துக் கோடு எழுந்தால், தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கடைசியில் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டேன். சின்ன வெட்டு, அடி விழுந்ததை மட்டும் கவனிக்கும், உடனே ஒரு கோடு கிளம்பும். பெரிய வெட்டு நிரம்பியதும் அது தொப்பியா வலந்தலையா என்று முடிவாகும், கோடு அப்போது தடிக்கும். பார்ப்பவர்களுக்கு அந்தக் கோடு ஒலியைக் கேட்டுவிட்டு உடம்பை முறுக்குகிற மாதிரி தெரிந்தது.

அந்தக் கணக்கு எதற்கு என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இதையா படிப்பு இல்லை என்கிறீர்கள்?

"இதெல்லாம் யூட்யூப்லயே இருக்கே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. ப்ராசஸிங் இலவசம், அதன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமான பி5 ஜேஎஸ் பிரவுசரிலேயே ஓடும், தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நாம் செய்ததைச் சுவரில் ஓடவிட்டு, கூடப் படிப்பவர்கள் எல்லாம் சுற்றி நின்று, ஏன் இந்த வேகம், இதில் எது உன் முடிவு, எது தானாக வந்தது என்று துருவித் துருவிக் கேட்பதை எந்த வீடியோவும் செய்யாது. அங்கே பதில் சொல்லித்தான் எனக்குப் பேச்சே வந்தது.

"ஏஐ வந்தாச்சு, இனி இதெல்லாம் எதுக்கு?" இது இன்னொருவர். ஹெரால்ட் கோஹன் என்று ஓர் ஓவியர். 1966இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் பங்கேற்றவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரன் என்ற படம் வரையும் ப்ரோகிராமை எழுத ஆரம்பித்து, 2016இல் இறக்கும்வரை அதோடுதான் இருந்தார். இந்தத் துறைக்காரர்களிடம் வந்து ஏஐயைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் புரியவே இல்லை. மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதானே இங்கே வேலையே.

வேலை கிடைக்குமா என்கிறீர்கள். கேம், விஎஃப்எக்ஸ், அருங்காட்சியகம், மேடை ஒளி, ஆப் வடிவமைப்பு என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். சினிமாவில் கணினியில் செய்த புகையும் நெருப்பும் பார்க்கிறீர்களே, அவற்றை இயற்கையாகக் காட்டப் பயன்படும் பெர்லின் நாய்ஸ் என்ற கணக்கு முறையைக் கண்டுபிடித்த கென் பெர்லினுக்கு 1997இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருதே கொடுத்தது. அதுவும் வெறும் கணக்குதான், பார்க்க அழகாக இருக்கும் கணக்கு.

கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கும் பதில் கஷ்டம்தான். வெளிநாட்டு மாணவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஆகிற செலவு, எங்கள் ஊரில் ஒரு வீடு கட்டுகிற பணம். லோன் வாங்கிப் போகிறவர்கள் யோசிக்கத்தான் வேண்டும். அப்படியானால் அதைச் சொல்லியிருக்கலாமே? ஸ்காலர்ஷிப் உண்டா, அப்பா அம்மாவால் முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாமே? அதே ஊருக்கு அதே பணம் கட்டி மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறவர்களை யாரும் இப்படிச் சிரித்து அனுப்புவதில்லை. ஆக, பணம் இங்கே பிரச்சினை இல்லை.

பிரச்சினை என்னவென்று எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். பயாலஜி ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயம் வரைய வேண்டும் என்றால் வகுப்பில் பாதிப் பேர் நோட்டும் என்னிடம்தான் வரும். ஃபேர்வெல் பேனரா, கூப்பிடு அவளை. ஆண்டு விழா அழைப்பிதழா, கூப்பிடு அவளை. ஆனால் அதே மிஸ் அம்மாவிடம், "கை படம் வரையிறதுலயே இருக்கு, கணக்குல கவனம் இல்ல" என்பார். கணக்கில் நான் சென்டம். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கலர் பென்சில் டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டார்.

இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் அப்பா, "பெரியவ லண்டன்ல சாஃப்ட்வேர்" என்று சொல்லிவிட்டு, தம்பியின் வேலையைப் பற்றி விவரமாகப் பேசுவார். என் வேலையை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அந்தத் தவில் வீடியோவை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறார். சபையில் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சனிக்கிழமை நேரடியாகவே பார்த்துவிட்டேன். பெற்றவர்கள் பயப்படுவதற்கு இப்படி மைக் பிடித்துச் சிரிப்பவர்கள்தான் காரணம். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், இதை மட்டும் என்னால் முடியவில்லை.

கமென்டில் என் சம்பளம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. எந்த யூனியில் கணக்கு எவ்வளவு இருக்கும், போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்கலாம், முதல் வருடத்துக்கு முன்னால் எதையெல்லாம் படித்துவைக்கலாம் என்று கேட்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நடுராத்திரி ஆனாலும் பதில் போடுகிறேன். பெற்றோரும் வரலாம், முக்கியமாக அப்பாக்கள்.