மகால் பார்த்தாச்சு என்று சொல்வதற்கு முன்

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். "தூணெல்லாம் என்னா பெருசு!" என்பது ஒன்று. "அரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, இவ்வளவுதானா?" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நியாயமான கேள்வி. சீட்டு வாங்கி உள்ளே போய் நாம் பார்ப்பது அன்றைய அரண்மனையில் ஏறத்தாழ கால் பங்குதான். மீதி முக்கால் பங்கில் கொஞ்சம் இடிந்தது, கொஞ்சம் இடிக்கப்பட்டது, கொஞ்சம் வண்டியேறி வேற்றூர் போனது, கொஞ்சம் தெருவாகிப் போனது. சிதறியதில் சில துண்டுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றையும் பார்த்தால்தான் மகால் பார்த்த கணக்கு.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனை இது. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். முன்னது மன்னருக்கு, பின்னது அவர் தம்பி முத்தியாலு நாயக்கருக்கு. இவை போக நாடகசாலை, ஆயுதசாலை, பல்லக்கு நிறுத்தும் இடம், பதினெட்டு வாத்தியம் முழங்கும் மண்டபம், பூசை இடம், குளம், நந்தவனம். இன்றைய சீட்டுக்குள் அடங்குவது சொர்க்க விலாசமும் அதன் முற்றமும் நாடகசாலையும் மட்டும்தான். ரங்க விலாசம் ஒன்று இருந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது தாத்தா கட்டியதன் பல பகுதிகளைப் பிரித்து அங்கே கொண்டுபோனார். இதைக் கேட்டதும் நமக்குப் பதறுகிறது. ஆனால் அந்தக் காலக் கட்டட வழக்கத்தில் இது அதிசயம் இல்லை. செதுக்கி முடித்த கல்லும் இழைத்து முடித்த மரமும் ரொக்கம் மாதிரி, எங்கே கொண்டுபோனாலும் செல்லும். அப்படியென்றால் சொர்க்க விலாசம் மட்டும் எப்படித் தப்பியது? என் கணிப்பு இது: செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய குமிழ்மாடத்தையும் வளைவுகளையும் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைத்தால் கிடைப்பது வெறும் செங்கல் ஜல்லி. அதைத் திருச்சிக்கு ஏற்றிப்போக எந்த ராஜாவும் வண்டிக்கூலி கொடுக்க மாட்டார்.

தப்பியதும் முழுசாகத் தப்பவில்லை. 1792-ல் மதுரைக்கு வந்த டேனியல் ஓவியர்கள் வரைந்த படங்களும், 1858-ல் லின்னேயஸ் டிரைப் எடுத்த புகைப்படங்களும் பழுது பார்ப்பதற்கு முந்தைய மகாலைக் காட்டுகின்றன. இணையத்தில் கிடைக்கும் அந்தப் படங்களில் இரண்டு மூன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போங்கள். அதே கோணத்தில் நின்று பாருங்கள். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பெரிய அளவில் பழுதுபார்ப்பு நடந்தது. மேற்பார்த்தவர் ராபர்ட் சிஷோம், சென்னை சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் கட்டிய அதே கட்டடக் கலைஞர். பிறகு 1970 வரை இது நீதிமன்றம். ஆக, தலைக்கு மேல் தெரியும் பூவேலையில் எது 17-ஆம் நூற்றாண்டு, எது 19, எது நேற்று அடித்த வர்ணம் என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எல்லாமே நாயக்கர் காலத்து நிறம் என்று நம்பிவிடக் கூடாது. கூரையின் பளிச்சென்ற வர்ணங்களில் பெரும்பகுதி பிற்காலத்துக் கைவேலை.

போகிற நேரம் முக்கியம். காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள். கிழக்கே நுழைந்தால் சொர்க்க விலாசம் எதிரே மேற்குப் பக்கம் இருக்கிறது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும், வளைவுகளின் சுதை வேலை எடுப்பாகத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் போனால் வெயில் எதிரே வந்து கண்ணைக் கூசும், படமெல்லாம் கறுத்துப்போகும். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, வாசலிலேயே வாங்கிவிடுங்கள். முற்றம் சுமார் 240 அடிக்கு 140 அடி. நேராகச் சிம்மாசனத்தைப் பார்த்து ஓடாமல் முதலில் தூண் வரிசைக்குள் ஒரு முழுச் சுற்று வாருங்கள். மொத்தம் 248 தூண் என்பது கணக்கு. தூண் உயரம் 82 அடி என்று இணையத்தில் ஒரு எண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தாலே அது பொய் என்று தெரியும். ஏறத்தாழ 40 அடிதான். அதுவே கழுத்து வலிக்கப் போதும். இந்த 40-ஐ மனதில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

"இத்தாலிக்காரர் கட்டினது சார்" என்று ஒரு கதை கட்டாயம் காதில் விழும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மடிப்பு மடிப்பான வளைவும் குமிழ்மாடமும் தக்காணத்துச் சுல்தான்களின் பாணியிலிருந்து விஜயநகரம் வழியாக வந்தவை. ஹம்பியின் தாமரை மகாலைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவு புதிதில்லை. மேலே யாளியும் கொடிக்கருக்கும் நம்மூர்க் கைகள். இதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை.

இனி காரை. தூண் உள்ளுக்குள் கல், வளைவுகள் செங்கல், மேலே எல்லாவற்றையும் மூடியிருப்பது சுண்ணாம்புப் பூச்சு. நாம் தொட்டுப் பார்த்து "என்னா வழவழப்பு" என்று சொல்வது இந்தப் பூச்சைத்தான். சிப்பியைச் சுட்டுத் தாளித்த சுண்ணாம்பைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் போட்டு அரைப்பார்கள். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கென்றால் மணல் இரண்டு, இரண்டரைப் பங்கு. தண்ணீருக்குப் பதில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். மேலே போகப் போக மணல் குறையும், அரைப்பு நைசாகும். கடைசிப் பூச்சில் மணலே இருக்காது, முட்டை வெள்ளைக்கரு சேரும். அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்த்து முடித்த பிறகும் சில நாள் பூச்சு வியர்க்கும். துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். விட்டுவிட்டால் அந்த இடம் மங்கிப்போகும்.

அந்தப் பளபளப்புத் தோல் வெகு மெல்லிசு. சாவியால் பெயர் கீறுகிறவருக்கு இது தெரியாது. கீறல் அந்தத் தோலைக் கிழித்ததும் உள்ளே இருக்கும் சொரசொரப்பான அடிப்பூச்சு திறந்துகொள்கிறது. ஈரம் அங்கே புகுகிறது, விளிம்பு உதிர்கிறது, ஒரு கோடு சில வருடத்தில் உள்ளங்கை அகலச் சொட்டையாகிறது. சுண்ணாம்பு வைத்து அடைத்தால் போதாதா என்பார்கள். போதாது. புதுச் சுண்ணாம்பின் நிறம் வேறு, ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பகுதிப் பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு அடியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். கையெட்டும் உயரத்தில் ஒரு தூணின் மேல் பார்வையை மெதுவாக ஓட்டுங்கள். யார் யாரைக் காதலித்தார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கும்.

இதைவிடப் பெரிய எதிரி சிமென்ட். இந்த மகாலுக்கு மட்டுமில்லை, எல்லாச் சுண்ணாம்புக் கட்டடத்துக்கும். சுண்ணாம்பு மூச்சு விடும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பழைய பூச்சு வழியாக வழி தேடும். போகிற போக்கில் உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உரிகிற சுவரை எந்தப் பழைய கட்டடத்தில் பார்த்தாலும் முதலில் சிமென்டைச் சந்தேகப்படுங்கள். அடுத்த சந்தேகம் பிளாஸ்டிக் பெயின்ட். புறா எச்சத்தின் அமிலமும் சுண்ணாம்பை அரிக்கும், அதற்கு வலை கட்டினால் தீர்ந்தது. சிமென்டுக்கு அப்படி எளிய வைத்தியம் கிடையாது.

மகாலை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் ஆட்டோ பிடிக்கிறார்கள். வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் நடங்கள், பத்து நிமிடம். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்து என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். உள்ளே பத்துக் கருங்கல் தூண்கள், பூச்சு இல்லாமல், மேலே தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல், வரிசையாக நிற்கின்றன. உயரம் ஏறத்தாழ 40 அடி. நினைவிருக்கிறதா? ரங்க விலாசத்தில் எஞ்சியது இதுதான் என்கிறார்கள். மகாலில் வளைவும் பூவேலையும் கண்ணைப் பறித்துக்கொள்ளும், எலும்பு தெரியாது. இங்கே எலும்பு மட்டும்தான். ஒரே நாளில் முதலில் அதையும் அடுத்து இதையும் பார்த்தால், காணாமல் போன முக்கால் பங்கின் அளவு புரியும். தீபாவளிக் கூட்டத்தில் போகாதீர்கள், தூணும் தெரியாது, நீங்களும் வெளியே வர முடியாது. கடை திறக்குமுன் காலையில் போவது உத்தமம்.

விளக்குத்தூணும் சும்மா இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு நன்றியாக நட்டது. இன்று பஸ் ஓடுகிற வெளி வீதிகள் அந்தக் கோட்டை ஓரம்தான். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயர்களாக இன்னும் இருக்கிறார்கள். மகாலைச் சுற்றிலும் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள்: பந்தடி, மகால் வடம்போக்கி, நவபத்கானா. நவபத்கானா என்றால் அரண்மனை வாத்தியம் முழங்கும் இடம். கட்டடம் போய்ப் பெயர் தங்கிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னரின் முகம் பார்க்க வேண்டுமென்றால் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபத்தில் தூணோடு சேர்ந்த சிலையாக நிற்கிறார், தேவியரோடு. கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அதற்கும் கிழக்கே பாத்திரக் கடைகளுக்குள் ராய கோபுரம், அவர் தொடங்கி முடியாமல் நின்றது. வண்டியூர்த் தெப்பக்குளம் 1645. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பது ஊர் வழக்கு. காந்தி மியூசியம் இருக்கும் கட்டடம் நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனை. திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் என்று சொல்லப்படுவது சொக்கநாதர் கட்டிய கொலு மண்டபம், இன்று அரசு அருங்காட்சியகம்.

ஒரு குறை. சாயங்கால ஒலி ஒளிக் காட்சியில் சிலப்பதிகாரக் கதை வருகிறது. கதையில் குற்றம் இல்லை. ஆனால் கண்ணகி நீதி கேட்டது பாண்டியன் சபையில், இந்த முற்றத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. பிள்ளைகள் இதுதான் நெடுஞ்செழியன் கொலு மண்டபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. சொக்கநாதர் பிரித்துப்போனது, பத்துத்தூண், நேப்பியர், நீதிமன்றம் என்று இந்த இடத்துக்கே ஒரு முழு நாடகம் இருக்கிறது. அதைச் சொல்லலாமே. கூடவே, சீட்டுக்குப் பின்பக்கம் பத்துத்தூணுக்குப் போகும் வழியை மட்டும் ஒரு சின்ன வரைபடமாக அச்சிட்டுக் கொடுத்தால் போதும். பெரிய செலவில்லை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் பக்கத்தில் அதே மன்னருக்கு இன்னொரு மகால், சிறியது, கூட்டமே இருக்காது. அங்கே ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆனதும் மணியடிக்க, அடுத்த மண்டபத்து மணி, அதற்கடுத்த மண்டபத்து மணி என்று ஓசை மதுரை வரை வந்த பிறகுதான் மன்னர் சாப்பிட உட்காருவார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. மணி மண்டபங்களில் சில இன்னும் அந்த வழியில் நிற்கின்றன. பஸ்ஸில் போனால் தெரியாது. காரில் மெதுவாகப் போய், ஓரக் கண்ணால் தேடிக்கொண்டே வாருங்கள்.