வருஷம் ஒன்றும் போகவில்லை, மாமா

நீடாமங்கலம் கல்யாணத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் போன் போயிருக்கும். அதனால் யார் என்று சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரில் படிக்கும் என் பையனைப் பார்த்து ஒரு மாமா என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "பிளைட் ஏறிப் போயி, பிள்ளைய ரெண்டு கிளாஸ் இறக்கிவிட்டுட்டு வந்திருக்கா."

பந்தியில், ரசம் வரும் நேரம். என்ன படிக்கிறே என்று கேட்டார். பையன் "பிரைமரி த்ரீ" என்றான். மாமா சாப்பிட்ட கையாலேயே விரல் விட்டு எண்ணினார். சுண்டுவிரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. "இங்க இருந்தா இந்த ஜூன்ல அஞ்சாவது." பந்தி முழுக்கச் சிரிப்பு.

மாமா, வருஷம் போகவில்லை. சிங்கப்பூரில் ஒரு பிள்ளைக்கு ஏழு வயதாகும் வருஷம் ஜனவரியில்தான் முதல் வகுப்பு. நாம்தான் மூன்று வயதில் எல்.கே.ஜி.யில் கொண்டு போய்த் தள்ளுகிறோம். அவன் வகுப்பில் எல்லோருக்கும் அவன் வயதுதான். அங்கே பள்ளி ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். ஜூனில் எண்ணினால் இரண்டு வகுப்பு வித்தியாசம், ஜனவரியில் எண்ணினால் ஒன்று. மாமா ஜூனில் எண்ணினார். ஜூன் லீவில்தான் நாங்களும் ஊருக்கு வர முடிகிறது, என்ன செய்ய.

"நல்ல ஸ்கூலாப் பார்த்திருக்கலாமே" என்பவர்களுக்கு: அங்கே அரசுப் பள்ளியை நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இஷ்டத்துக்குப் பொறுக்க முடியாது. நுழைவுத் தேர்வில் இங்கிலீஷும் கணக்கும் எழுதித் தேற வேண்டும். அப்புறம் எங்கே இடம் இருக்கிறதோ அதைக் கல்வி அமைச்சு ஒதுக்கும். நாங்கள் போனது ஜூனில். செப்டம்பரில் எழுதி, டிசம்பரில் முடிவு வந்து, ஜனவரியில் சேர்ந்தான். ஆறு மாதம் வீட்டில் அவனும் நானும் பின்னக் கணக்கும். அது கஷ்டம்தான், மறைக்கவில்லை.

"அங்கயும் சி.பி.எஸ்.இ. இருக்கே?" இருக்கிறது. ஃபீஸும் இருக்கிறது. "நாளைக்குத் திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?" நியாயமான கேள்வி. யோசித்தோம். சரி, அடுத்தது.

தமிழ். அவன் பள்ளியில் தமிழ் தாய்மொழிப் பாடம். ஆறாம் வகுப்பு முடிவில் பொதுத் தேர்விலும் உண்டு. மாமாவின் பேரன் தஞ்சாவூரில் பெரிய பள்ளியில் படிக்கிறான். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரையே எழுத்துக்கூட்டித்தான் படித்தான். குழந்தையைச் சொல்லவில்லை. குழந்தை என்ன செய்யும்.

எனக்கு இது ஏன் சுடுகிறது என்றால், என்னை எட்டாவது வரை தமிழ் மீடியத்தில் படிக்கவைத்து, ஒன்பதாவதில் மன்னார்குடியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார் அப்பா. மறுபடி எட்டாவதில் போடலாம் என்று டீச்சர் சொன்னார். "வருஷம் போயிடும்" என்று சொல்லி அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோட்டோசிந்தசிஸ் என்றால் நம்ம ஒளிச்சேர்க்கைதான் என்று தெரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது. தினமும் பாமணி ஆற்றுப் பாலம் வரை பஸ்ஸில் அழுவேன், பாலம் தாண்டியதும் தாவணியில் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். அப்படி மிச்சம் பிடித்த ஒரு வருஷம்.

அந்த வருஷம் என்ன ஆனது தெரியுமா? பி.எஸ்சி. முடித்ததும் வரன் பார்க்கிறோம் என்று இரண்டு வருஷம் வீட்டில் உட்காரவைத்தார்கள். எம்.எஸ்சி. சேர்கிறேன் என்று கெஞ்சினேன். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். இதே மாமா அந்தத் திண்ணையில் காபி குடித்துவிட்டுப் போவார். ஒரு நாளும் விரல் விட்டு எண்ணியதில்லை.

"பெரியவங்க விளையாட்டாச் சொன்னதுக்கு இவ்வளவு நீளமா எழுதணுமா" என்று என் தம்பியே கேட்பான். கேட்கட்டும். அன்றைக்குப் பந்தியில் என் பையனுக்கு அடுத்த இலை அப்பாவுடையது. அப்பாவும் சிரித்தார். பேரன் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்ததை அவர் பார்க்கவில்லை, பாயசம் வந்துகொண்டிருந்தது.