பச்சை ஷார்ட்ரூஸும் மஞ்சளும் ஒன்றல்ல
ஷார்ட்ரூஸ் என்பது பிரான்சின் மூலிகை மதுபானம், பச்சை, மஞ்சள் என்று இரண்டு வகையில் வரும். காக்டெயிலுக்குப் பச்சை ஷார்ட்ரூஸ் கிடைக்காவிட்டால் மஞ்சளை அதே அளவு ஊற்றலாம், வித்தியாசம் நிறத்தில்தான் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

இரண்டையும் தயாரிப்பவர்கள் அதே கார்த்தூசிய சபைக் கத்தோலிக்கத் துறவிகள்தான், ஆனால் செய்முறை வேறு. பச்சையில் ஆல்கஹால் 55 சதவீதம். மஞ்சளில் 40-ஐ ஒட்டித்தான், இனிப்பும் தூக்கல். 30 மில்லியில் பச்சை 16.5 மில்லி ஆல்கஹால் தரும், மஞ்சள் 12, 13 மில்லிதான். ஜின், பச்சை ஷார்ட்ரூஸ், மராஸ்கினோ (இனிப்பான செர்ரி மதுபானம்), எலுமிச்சைச் சாறு நான்கும் சம அளவில் சேரும் லாஸ்ட் வேர்ட் என்ற காக்டெயிலில் இது நன்றாகவே தெரியும். மராஸ்கினோவின் இனிப்பை அடக்குவதே பச்சையின் காரம்தானே!

பாட்டிலின் லேபிளில் சதவீதம் அச்சாகியிருக்கும், பாருங்கள். அப்புறம் இரண்டிலும் அரை டீஸ்பூன் எடுத்து, நடுவே தண்ணீர் குடித்துவிட்டுச் சுவையுங்கள். பச்சையில் மூலிகைக் காரம் முந்தும், மஞ்சளில் தேன் போன்ற மென்மை.

மஞ்சள்தான் இருக்கிறதா? சரி, மராஸ்கினோவைக் கொஞ்சம் குறையுங்கள். அருமையான பானம் கிடைக்கும், ஆனால் அது வேறு பானம்.