விலை குறைந்தால் கத்தி உடையுமா?

"ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள மடக்காத கத்தி எதுவும் வெளி வேலைக்குத் தாங்காது, கைப்பிடியின் கடைசிவரை இரும்பு ஓட வேண்டும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தப்பு. கட்டையால் கத்தியின் முதுகில் அடித்து விறகு பிளக்கிறவருக்கு அது சரி. மற்றவருக்கு ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்தியே பதில்: கம்பேனியன் மாடலில் அலகு 2.5 மி.மீ. தடிமன்தான், நீளம் சுமார் 10 செ.மீ., பிளாஸ்டிக் பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடாது, விலையும் குறைவு. கயிறு அறுக்க, குச்சி சீவ, மீன் சுத்தம் செய்ய அது போதாதா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பென்னாகரம் பக்கக் கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கிய கத்தி என்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறது, பார்க்க அசிங்கம்தான், ஆனால் புளியங்கொம்பு முதல் தேங்காய் நார் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். கொல்லர் பதம் (இரும்பைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்குவது) சரியாக வைத்தாரா என்பதுதான் கேள்வி, விலை இல்லை. நல்ல பதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்: கிரைண்டர் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து, சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிடும், அப்புறம் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுங்கள். லாரி ஸ்பிரிங் போன்ற கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும், மாங்காய் அறுத்தால் கறுக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

உறை மட்டும் மட்டமாக இருந்தால் வாங்காதீர்கள், கத்தி தொடையில்தான் இறங்கும். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் பெரும்பாலும் காப்புக்காடு, எந்தக் கத்தியானாலும் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.